விரலுக்கேற்ற சுட்டி

பேராக் மாநிலத்தின் இரப்பர்த் தோட்டங்களில் ஒரு காலத்தில் பொழுது விடியுமுன்னே வேலை தொடங்கிவிடும். நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரைக்குள் நுழையும் தொழிலாளி, நூற்றுக்கணக்கான பால்மரங்களைச் சீவ வேண்டும். பட்டையை ஆழமாக வெட்டினால் மரம் காயப்படும்; மேலோட்டமாகச் சீவினால் பால் போதிய அளவு வடியாது. அந்த நுட்பமான வேலை முழுவதும் கையில் இருந்த ஒரு சிறிய கத்தியை நம்பியே நடந்தது. ஒரே அசைவை நாள்தோறும் நூற்றுக்கணக்கான முறை செய்பவருக்குக் கருவி கைக்குப் பொருந்தவில்லை என்றால் வேலையும் கெடும், கையும் கெடும்.

அத்தோட்டங்களில் பல இன்று செம்பனைத் தோட்டங்களாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிவிட்டன. சுங்கை சிப்புட், தாப்பா, பீடோர் முதலிய வட்டாரங்களில் அன்று தோட்டத்தில் வாழ்ந்த குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் இன்று கணினியின் முன் அமர்கிறார்கள். அவர்கள் கையில் கத்திக்குப் பதிலாகச் சுட்டி இருக்கிறது. கட்டுரை எழுதுவதும், இணையத்தில் தேடுவதும், படைப்பு தயாரிப்பதும், ஓய்வு நேரத்தில் கணினி விளையாட்டு ஆடுவதும் அந்த ஒரே கருவியால் நடைபெறுகின்றன. பல வீடுகளில் ஒரே மடிக்கணினியை அண்ணனும் தங்கையும் பெற்றோரும் பகிர்ந்துகொள்கிறார்கள். ஆகவே, வாங்கப்படும் ஒரு சுட்டி பாடத்திற்கும் விளையாட்டிற்கும் ஒருசேர உதவ வேண்டியுள்ளது.

ஈப்போ நகரில் உள்ள கணினிக் கடைகளில் முப்பது ரிங்கிட்டுக்கும் குறைவான சுட்டியும் உண்டு. பல நூறு ரிங்கிட் விலையுள்ள சுட்டியும் உண்டு. வண்ண விளக்குகளும் பெட்டியில் அச்சிட்ட பெரிய எண்களும் மாணவர்களின் கண்ணைக் கவர்கின்றன. எண் பெரியதாக இருந்தால் சுட்டியும் சிறந்ததாக இருக்கும் என்று பலர் எண்ணுகிறார்கள். அந்த எண்கள் எதைக் குறிக்கின்றன என்று தெரிந்துகொண்டால், இவ்வெண்ணம் பெரும்பாலும் தவறு என்பது விளங்கும்.

சோதனையில் வென்ற மரக்கட்டை

உலகின் முதல் கணினிச் சுட்டி 1964-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் உருவானது. ஸ்டான்ஃபோர்டு ஆய்வு நிறுவனத்தில் பணியாற்றிய டக்ளஸ் எங்கல்பார்ட் அதனைச் சிந்தித்தார். அவருடைய சக பொறியியலாளர் பில் இங்கிலிஷ் அதனைச் செய்து முடித்தார். அது ஒரு சிறிய மரக்கட்டை. அதன் அடியில் ஒன்றுக்கொன்று செங்குத்தான இரண்டு சக்கரங்களும், மேலே ஒரே ஒரு பொத்தானும் இருந்தன. வால் போல் நீண்ட கம்பியைக் கொண்டிருந்ததால் அக்கருவி எலியின் பெயரைப் பெற்றது.

அக்கருவி எப்படித் தேர்ந்தெடுக்கப்பட்டது என்பது கவனிக்கத்தக்கது. திரையில் ஓர் இடத்தைச் சுட்டுவதற்கு அக்காலத்தில் பல கருவிகள் இருந்தன. ஒளிப்பேனா, ஜாய்ஸ்டிக், முழங்காலால் அசைக்கும் கருவி ஆகியவற்றோடு சுட்டியையும் ஆய்வாளர்கள் பயனர்களிடம் கொடுத்துச் சோதித்தனர். எவ்வளவு விரைவில் இலக்கை அடைய முடிகிறது, எத்தனை முறை தவறு நேர்கிறது என்று அளந்தனர். பழகியவர்களின் கையில் சுட்டியே சிறந்து விளங்கியது. 1968 டிசம்பர் 9-ஆம் நாள் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த மாநாட்டில் எங்கல்பார்ட் அதனைப் பலர் அறியச் செயல்படுத்திக் காட்டினார். தோற்றத்தைக் கொண்டோ விலையைக் கொண்டோ சுட்டி வெற்றி பெறவில்லை. மனிதரின் கையில் வைத்துச் சோதிக்கப்பட்டே வெற்றி பெற்றது.

பின்னர் சக்கரங்களுக்குப் பதிலாக உருளும் பந்து பொருத்தப்பட்டது. பந்தில் தூசு ஒட்டியதால் அதனை அடிக்கடி கழற்றித் துடைக்க வேண்டியிருந்தது. 1999-ஆம் ஆண்டில் மைக்ரோசாப்ட் நிறுவனம் வெளியிட்ட ஒளிச்சுட்டி இத்தொல்லைக்குத் தீர்வு தந்தது. ஒளிச்சுட்டியின் வளர்ச்சியில் பேராக்கின் அண்டை மாநிலமான பினாங்குக்கும் தொடர்பு உண்டு. 1972-ஆம் ஆண்டில் ஹியூலெட் பேக்கார்டு, இண்டெல் போன்ற நிறுவனங்கள் பினாங்கின் பாயான் லெப்பாஸில் தொழிற்சாலைகளை நிறுவின. அங்கிருந்து வளர்ந்த மின்னணுத் தொழிலின் தொடர்ச்சியாக, சுட்டிகளுக்கான ஒளி உணரிகளை உருவாக்கும் பிக்ஸ்ஆர்ட் எனும் தைவான் நிறுவனம் இன்று பினாங்கிலும் இயங்குகிறது.

எண்கள் சொல்வது என்ன?

ஒளிச்சுட்டியின் அடியில் ஒரு சிறிய விளக்கும் மிகச் சிறிய புகைப்படக் கருவி போன்ற ஓர் உணரியும் உள்ளன. விளக்கின் ஒளி மேசைப் பரப்பில் படும். உணரி அப்பரப்பை ஒரு நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை படம் எடுக்கும். அடுத்தடுத்த இரண்டு படங்களை ஒப்பிட்டு, சுட்டி எந்தத் திசையில் எவ்வளவு நகர்ந்தது என்று சுட்டியினுள் இருக்கும் சில்லு கணக்கிடும். அந்தக் கணக்கின்படியே திரையில் அம்புக்குறி நகர்கிறது.

பெட்டியில் பெரிதாக அச்சிடப்படும் முதல் எண் டி.பி.ஐ. எனப்படும். சுட்டி ஓர் அங்குலம், அதாவது 2.54 சென்டிமீட்டர் நகரும்போது எத்தனை நகர்வுகளை அது கணக்கிடுகிறது என்பதை அந்த எண் குறிக்கும். இதனை ஓர் எளிய கணக்கால் விளக்கலாம். பல கணினித் திரைகளின் அகலம் 1920 படப்புள்ளிகளாகும். இயல்பான அமைப்பில், ஒரு நகர்வுக்கு அம்புக்குறி ஒரு படப்புள்ளி நகரும் என்று வைத்துக்கொண்டால், 800 டி.பி.ஐ. கொண்ட சுட்டியை ஏறத்தாழ 6 சென்டிமீட்டர் நகர்த்தினால் அம்புக்குறி திரையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குச் சென்றுவிடும். 1600 டி.பி.ஐ. என்றால் 3 சென்டிமீட்டர் போதும். 16,000 டி.பி.ஐ. என்றால் வெறும் 3 மில்லிமீட்டரில் அம்புக்குறி திரையைக் கடந்துவிடும்! கை சற்று நடுங்கினாலும் இலக்குத் தவறிவிடும். எனவே, அத்தகைய பெரிய எண்ணுக்காகக் கூடுதல் பணம் கொடுப்பது வீண். குறி பார்த்துச் சுடும் விளையாட்டுகளில் தேர்ந்தவர்கள் பலரும் 400 முதல் 1600 வரையிலான அளவையே பயன்படுத்துகின்றனர்.

அப்படியானால் டி.பி.ஐ.யைப் பற்றிக் கவலைப்படவே வேண்டாமா? ஒன்றை மட்டும் கவனித்தால் போதும். பல சுட்டிகளில் சக்கரத்தின் அருகில் டி.பி.ஐ. அளவை மாற்றும் சிறிய பொத்தான் இருக்கும். கட்டுரை எழுதும்போது அம்புக்குறி விரைவாக நகர அளவைக் கூட்டலாம்; விளையாட்டில் நிதானமாகக் குறி பார்க்க அளவைக் குறைக்கலாம். ஒரே சுட்டியை இரு வேலைகளுக்கும் பயன்படுத்த விரும்புபவருக்குப் பெரிய எண்ணைவிட இந்தச் சிறிய பொத்தானே மிகுந்த பயனைத் தரும்.

இரண்டாவது எண் ஹெர்ட்ஸ் எனும் அலகில் குறிக்கப்படும். சுட்டி தன் நிலையை ஒரு நொடிக்கு எத்தனை முறை கணினிக்கு அறிவிக்கிறது என்பதை அது காட்டும். சாதாரணச் சுட்டிகள் பலவற்றில் இது 125 ஹெர்ட்ஸ். அதாவது, 8 மில்லிநொடிக்கு ஒரு முறை அறிவிப்பு செல்லும். விளையாட்டுச் சுட்டிகள் பெரும்பாலும் 1000 ஹெர்ட்ஸ் கொண்டவை. அவை ஒரு மில்லிநொடிக்கு ஒரு முறை அறிவிக்கும். வேகமான விளையாட்டில் இவ்வேறுபாட்டை ஓரளவு உணர முடியும். ஆனால், 8000 ஹெர்ட்ஸ் என்று விற்கப்படும் சுட்டியால் மிச்சமாகும் நேரம் ஒரு மில்லிநொடிக்கும் குறைவே. கண்ணால் கண்டதும் விரல் அசைய மனிதருக்கு ஏறத்தாழ 200 மில்லிநொடிகள் ஆகின்றன. சாதாரண மடிக்கணினியின் திரையோ நொடிக்கு 60 முறை மட்டுமே புதிய காட்சியைக் காட்டுகிறது. ஆகவே, பாடசாலை மாணவருக்கு 1000 ஹெர்ட்ஸ் போதுமானதற்கும் மேலானது.

கணினியின் அமைப்பில் உள்ள ஒரு வசதியையும் அறிந்திருப்பது நல்லது. சுட்டியை விரைவாக நகர்த்தினால் அம்புக்குறி கூடுதல் தூரம் செல்லும்படி விண்டோஸ் இயங்குதளம் அமைந்துள்ளது. குறுகிய மேசையில் வேலை செய்ய இது உதவும். ஆனால், விளையாட்டில் கை ஒரே அளவு நகர்ந்தாலும் அம்புக்குறி வெவ்வேறு தூரம் செல்வதால் குறி தவறும். இவ்வசதியை அமைப்புப் பகுதியில் அணைத்துவிடலாம். புதிய சுட்டி வாங்க எண்ணும் மாணவர் முதலில் இதனைச் செய்து பார்த்தால், பழைய சுட்டியே போதும் என்று தெரியவரலாம்.

கையே அளவுகோல்

எண்களைவிட முக்கியமானது கையின் அளவு. மணிக்கட்டு மடிப்பிலிருந்து நடுவிரலின் நுனிவரை அடிக்கோலால் அளந்துகொண்டு கடைக்குச் செல்வது நல்லது. சிறிய கைக்குப் பெரிய சுட்டி வாங்கினால், பொத்தானை எட்டுவதற்கு விரல்கள் நீள வேண்டியிருக்கும். பெரிய கைக்குச் சிறிய சுட்டி வாங்கினால், விரல்கள் எந்நேரமும் மடங்கியே இருக்கும். இரண்டும் நாளடைவில் கைக்கு வலியைத் தரும்.

சுட்டியைப் பிடிக்கும் முறையும் ஆளுக்கு ஆள் வேறுபடும். சிலர் உள்ளங்கை முழுவதையும் சுட்டியின்மேல் வைத்துப் பிடிப்பர். அவர்களுக்கு முதுகு உயர்ந்த சுட்டி ஏற்றது. சிலர் விரல்களைப் பறவையின் நகங்களைப் போல வளைத்துப் பிடிப்பர். இன்னும் சிலர் விரல்நுனிகளால் மட்டுமே பிடிப்பர். அவர்களுக்குத் தட்டையான, எடை குறைந்த சுட்டி பொருந்தும். நீண்ட நேரம் கட்டுரை எழுதும்போது உள்ளங்கைப் பிடி ஓய்வாக இருக்கும். விரைவான அசைவுகள் தேவைப்படும் விளையாட்டில் விரல்நுனிப் பிடி கைகொடுக்கும். இரண்டையும் செய்பவர், நடுத்தர உயரமும் நூறு கிராமுக்கு மிகாத எடையும் கொண்ட சுட்டியைத் தேர்ந்தெடுத்தால் இரு பிடிகளுக்கும் இடமிருக்கும்.

இடக்கைப் பழக்கம் உள்ளவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். பல விளையாட்டுச் சுட்டிகள் வலக்கையின் வளைவுக்கென்றே வடிவமைக்கப்பட்டவை. பெருவிரலுக்கான பக்கப் பொத்தான்களும் இடப்பக்கத்தில் மட்டுமே இருக்கும். இருபுறமும் ஒரே வடிவம் கொண்ட சுட்டியை வாங்கி, கணினியின் அமைப்பில் இரண்டு பொத்தான்களின் வேலையையும் இடம் மாற்றிக்கொள்ளலாம். இடக்கைப் பழக்கம் உள்ள ஒருவரும் வலக்கைப் பழக்கம் உள்ள ஒருவரும் ஒரே கணினியைப் பகிரும் வீட்டிற்கு அத்தகைய சுட்டியே ஏற்றது.

பக்கப் பொத்தான்கள் எத்தனை வேண்டும் என்பதும் பயன்பாட்டைப் பொறுத்ததே. இரண்டு பக்கப் பொத்தான்கள் இருந்தால், இணையத்தில் முந்தைய பக்கத்திற்குச் செல்லவும் திரும்பி வரவும் அவை உதவும். விளையாட்டில் அவற்றுக்கு வேறு பணி கொடுக்கலாம். பன்னிரண்டு பொத்தான்கள் கொண்ட சுட்டியோ குறிப்பிட்ட சில விளையாட்டுகளுக்கு மட்டுமே பயன்படும்.

கம்பியா, கம்பியில்லாமலா?

கம்பியுள்ள சுட்டி விலை மலிவானது, மின்கலம் தேவையில்லை, பாதி ஆட்டத்தில் நின்றுபோகாது. கம்பி மேசையின் விளிம்பில் உரசுவதே அதன் குறை. கம்பியில்லாச் சுட்டிகள் இரு வகைப்படும். முதல் வகை, கணினியில் செருகும் சிறிய அலைவாங்கியின்வழி இயங்கும். விளையாட்டுக்கு இது ஏற்றது. இரண்டாம் வகை புளூடூத்வழி இயங்கும். அலைவாங்கி தேவையில்லை என்றாலும் அதன் அறிவிப்பு வேகம் பெரும்பாலும் குறைவு. எழுத்து வேலைக்கு அது போதும். இருவகை இணைப்பும் கொண்ட சுட்டிகளும் கிடைக்கின்றன. சிறிய மின்கலத்தால் இயங்கும் சுட்டியை வாங்கும்போது, மின்கலத்தின் எடையும் கையில் சேரும் என்பதை மறக்கக்கூடாது.

மலேசியாவில் விற்கப்படும் கம்பியில்லாத் தொடர்புக் கருவிகள் தரச்சான்று பெற்றிருக்க வேண்டும். மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையத்தின் முத்திரை பெட்டியிலோ கருவியிலோ உள்ளதா என்று பார்த்து வாங்குவது பயனீட்டாளரின் கடமை.

வெப்பமும் ஈரமும்

பேராக்கின் வெப்பமும் காற்றின் ஈரப்பதமும் சுட்டியைத் தேர்ந்தெடுக்கும்போது எண்ணிப் பார்க்க வேண்டியவை. சில சுட்டிகளின் மேற்பரப்பில் இரப்பரைப் போன்ற மென்மையான பூச்சு இருக்கும். கடையில் தொடும்போது அது இதமாக இருக்கும். ஆனால், வெப்பமும் ஈரமும் வியர்வையும் சேர்ந்தால் சில ஆண்டுகளில் அப்பூச்சு இளகிப் பிசுபிசுக்கத் தொடங்கலாம். வழவழப்பில்லாத, கெட்டியான நெகிழி மேற்பரப்பு நீண்ட நாள் உழைக்கும். ஈரத் துணியால் துடைப்பதும் எளிது.

சுட்டி நகரும் பரப்பும் முக்கியமானது. கண்ணாடி மேசையில் பல ஒளிச்சுட்டிகள் சரியாக இயங்கா. ஒப்பிட்டுப் பார்க்கத் தேவையான புள்ளிகளும் கோடுகளும் அப்பரப்பில் உணரிக்குத் தெரிவதில்லை. துணியால் ஆன சுட்டிப்பாய் இக்குறையைத் தீர்க்கும். அப்பாயைத் திருப்பிப் பார்த்தால் அடியில் கறுப்பு நிறத்தில் ஒரு படலம் இருக்கும். பல சுட்டிப்பாய்களில் அது இயற்கை இரப்பரால் ஆனது. மேசையின்மேல் பாய் வழுக்காமல் நிற்பதற்கு அதுவே காரணம். 1877-ஆம் ஆண்டில் மலாயாவில் முதன்முதலாக இரப்பர்க் கன்றுகள் நடப்பட்ட இடங்களுள் பேராக்கின் கோலகங்சாரும் ஒன்று. தாத்தா பாட்டி சீவிய மரத்தின் பாலுக்குப் பேரப்பிள்ளையின் மேசையிலும் இவ்வாறு ஓர் இடம் கிடைத்திருக்கிறது.

எத்தனை நாள் உழைக்கும்?

சுட்டியில் முதலில் பழுதாவது பெரும்பாலும் இடப் பொத்தானே. ஒரு முறை சொடுக்கினால் இரண்டு முறை சொடுக்கியதாகக் கணினி எடுத்துக்கொண்டால், பொத்தானின் அடியில் உள்ள விசை தேய்ந்துவிட்டது என்று பொருள். பெட்டியில் இரண்டு கோடி சொடுக்குகள் எனக் குறித்திருந்தால், நாளொன்றுக்கு 5,000 முறை சொடுக்குபவருக்கு அது 4,000 நாள்கள், அதாவது ஏறத்தாழ பதினோர் ஆண்டுகள் வரும். அவ்வெண்ணைவிட உத்தரவாதக் காலமே நம்பத்தக்கது. எனவே, பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்த வேண்டும். பழுதான பொருளை விற்கும் வணிகரிடம் தீர்வு கேட்கும் உரிமையை 1999-ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் வழங்குகிறது.

கடையில் காட்சிக்கு வைத்திருக்கும் சுட்டியைக் கையில் எடுத்துச் சோதிப்பதும் நல்லது. ஐந்து நிமிடம் பிடித்து நகர்த்திப் பார்க்கலாம். இரண்டு பொத்தான்களையும் அழுத்திப் பார்க்கலாம். சக்கரத்தைச் சுழற்றிப் பார்க்கலாம். சொடுக்கும் ஓசையையும் செவிமடுக்க வேண்டும். ஒரே அறையில் தம்பி தங்கையர் உறங்கும் வீட்டில், இரவில் படிக்கும் மாணவருக்கு ஓசை குறைந்த பொத்தான் பெரிய உதவி.

மின்விளையாட்டு இன்று பொழுதுபோக்கு மட்டுமன்று. 2019-ஆம் ஆண்டு பிலிப்பீன்சில் நடந்த தென்கிழக்காசிய விளையாட்டுப் போட்டியில் அது பதக்கப் போட்டியாக இடம்பெற்றது. எனவே, அதில் ஆர்வம் கொண்ட மாணவர் நல்ல கருவியை விரும்புவது இயல்பே. ஆயினும், எவ்வளவு நல்ல சுட்டியும் கையின் தவறான பழக்கத்தை ஈடுசெய்யாது. மணிக்கட்டு மேல்நோக்கி வளையாமல் நேராக இருக்க வேண்டும். முன்கை மேசையின்மேல் தங்க வேண்டும். விரல்நுனியில் மட்டுமே அசைவைத் தேக்காமல் முழங்கையிலிருந்து நகர்த்தப் பழக வேண்டும். அவ்வப்போது எழுந்து கையை உதறி, கண்ணைத் தொலைவில் பதிக்க வேண்டும். கை மரத்துப்போவதோ வலிப்பதோ தொடர்ந்தால் மருத்துவரை நாடுவதே அறிவுடைமை.

வரவுக்குத் தக்கபடி வாழ்வதை விரலுக்கேற்ற வீக்கம் என்பர் பெரியோர். சுட்டியைப் பொறுத்தவரை அத்தொடருக்கு இரண்டு பொருள் உண்டு. குடும்பத்தின் பணப்பைக்கும் அது பொருந்த வேண்டும். கைவிரலுக்கும் பொருந்த வேண்டும். நடுத்தர விலையில், கைக்கு அடங்கும் வடிவில், டி.பி.ஐ. மாற்றும் பொத்தானும் இரண்டு பக்கப் பொத்தான்களும் உத்தரவாதமும் கொண்ட ஒரு சுட்டி, பாடத்திற்கும் விளையாட்டிற்கும் போதும். மிஞ்சும் பணம் ஒரு நல்ல சுட்டிப்பாய்க்கோ, தங்கைக்கு வேண்டிய பயிற்சி நூலுக்கோ பயன்படும். அன்று நிரைக்குள் இருட்டில் நடந்த தொழிலாளிக்குத் தெரிந்த உண்மை இன்றும் மாறவில்லை: கருவியின் தரத்தைச் சொல்ல வேண்டியது அதன் பெட்டி அன்று, அதனை நாள் முழுவதும் பிடித்திருக்கும் கை.